கொஞ்சம் குறைவாகச் செத்த கன்று

இளமரத் தாங்குதிறன் ஆய்வு மையத்தில் ஒரு மரக்கன்று செத்ததா இல்லையா என்பது கன்றின் கையில் இல்லை. அதைக் கையேட்டின் ஏழாவது விதி பார்த்துக்கொள்ளும். "இலை இல்லாத கன்று இறந்த கன்றாகக் கருதப்படும்." ஆறே சொல். தலைமை அலுவலகத்திலும் பதினான்கு கிளைகளிலும் இந்த ஆறு சொல்லையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அடியில் "நிபுணர் குழு" என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள் அதன் முன்னால் நின்று மூன்று முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அந்த நிபுணர் குழு வேறு யாருமில்லை, நம் நாடாதான்.

நாடா என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. மையத்தில் அவருக்கு அளவர் என்று பதவி. கன்றுகளின் உயரத்தையும் தண்டின் பருமனையும் அளந்து பதிவேட்டில் எழுதுவது வேலை. இருபத்திரண்டு வருடமாக அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிந்ததில் பெயரும் அதுவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகூட மறந்துபோய்ப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். "சட்டை தைக்கக் குடுத்தவங்க தேடி வந்துடப் போறாங்க, கழட்டி வைங்க" என்பாள் மனைவி.

விதி பிறந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. பதினோரு வருடம் முன்பு அப்போதைய இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, கன்று செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதிக் கொண்டுவரச் சொன்னார். நாடாவுக்கு முறை தெரியும். சின்னக் கத்தியால் தண்டைக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர். இல்லாவிட்டால் மண்ணை விலக்கி வேரின் கழுத்தைக் கீறிப் பார்க்க வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் அப்படிச் செய்ய வேண்டிய ஆள் யார் என்பதும் அவருக்குத் தெரியும். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மச்சான் குடும்பம் ஊரிலிருந்து வருகிறது, சீக்கிரம் வாங்க என்று மனைவி வேறு சொல்லியிருந்தாள். பன்னிரண்டே கால் மணிக்குப் பேனாவைத் திறந்தார், பன்னிரண்டு இருபதுக்கு மூடினார். இயக்குநர் படித்துவிட்டு, "பிரமாதம்யா! சின்னதா இருக்கு" என்றார். குழு என்றால் மூன்று கையெழுத்து வேண்டும். இயக்குநர் ஒன்று போட்டார். நாடா ஒன்று போட்டார். மூன்றாவதுக்கு யார் என்று பார்த்தபோது கேன்டீன் அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்தாள்.

நாடா அன்று ஒரு மணிக்கே வீட்டில் இருந்தார்.

இப்போது மூன்றாம் அடைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மையத்தின் பின்பக்கம் காடு தொடங்கும் இடத்தில் கம்பிவேலி போட்ட ஒரு துண்டு நிலம் அது. ஏழு வருடம் முன்பு காட்டு மரத்தின் விதைகளை அதில் ஊன்றினார்கள். பெரிய மரங்களுக்குப் பிரச்சினை இல்லை, அவற்றின் வேர் எப்போதோ ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மேல் மண் காய்ந்தால் மாட்டிக்கொள்வது சின்னக் கன்றுகள்தான். அவை மழையில்லாத வருடங்களை எப்படித் தாண்டுகின்றன என்று பார்ப்பதே ஆராய்ச்சி. ஆகவே அடைப்புக்குத் தண்ணீர் ஊற்றவே கூடாது. மையம் ஒருநாளும் பிசகாமல் செய்துவந்த வேலை அது ஒன்றுதான். முன்பக்கத்துப் புல்வெளிக்கு மட்டும் காலையும் மாலையும் குழாய் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சி அடிக்கும்.

மழை பொய்த்த முதல் வருடம் கன்றுகள் இலைகளைச் சீக்கிரம் உதிர்த்தன. இரண்டாம் வருடம் நுனியிலிருந்து காய்ந்து குட்டையாயின. நாடா அளந்தார். போன வருடம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்த கன்று இப்போது நாற்பது. கணினியில் நாற்பது என்று அடித்தால் சிவப்பில் ஒரு வாசகம் வந்தது: "உயரம் குறைய வாய்ப்பில்லை. சரிபார்க்கவும்." சரிபார்த்தார். நாற்பதுதான். மறுபடியும் சிவப்பு. கணினியோடு சண்டை போடுகிற சுபாவம் அவருக்குக் கிடையாது, மனிதர்களோடும் கிடையாது. அறுபத்து மூன்று என்று அடித்தார். கணினி பச்சைக் குறி காட்டியது. அந்த ஒரு சென்டிமீட்டர் அவருடைய அன்பளிப்பு. இப்படியே எல்லாக் கன்றுகளும் தரையில் சுருங்கச் சுருங்கத் திரையில் வளர்ந்துகொண்டே போயின.

மூன்றாவது வருடம் ஒரு கன்றிலும் ஓர் இலைகூட இல்லை. விரல் உயரக் குச்சிகள் வரிசையாக நின்றன. நாடா பதிவேட்டைத் திறந்து முதல் எண்ணுக்கு நேராக "இறந்தது" என்று எழுதினார். இரண்டாம் எண்ணுக்கு "மேற்படி" என்று எழுதினார். அப்புறம் நானூற்றுப் பன்னிரண்டாம் எண் வரைக்கும் மேற்படி, மேற்படி, மேற்படி. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. மனசு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஏழு வருடமாகத் தினமும் பார்த்த கன்றுகள். வெயில்தான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்.

இப்போதைய இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"நண்பர்களே, நானூத்திப் பன்னிரண்டும் போச்சு! நூறு சதவீதம்! இந்த மையத்துல இதுவரைக்கும் எதுவாவது நூறு சதவீதம் நடந்திருக்கா? வறட்சி தன்னோட கடமையை முழுசா செஞ்சிருக்கு. நாம நம்ம கடமையைச் செய்ய வேண்டாமா? ஆராய்ச்சி எங்க முடியுதோ அங்கதான் கருத்தரங்கம் ஆரம்பிக்குது. மூன்றாம் அடைப்பு இருக்கற இடத்துல வறட்சிக் கருத்தரங்க மண்டபம் வரப்போகுது. முழுக்க ஏசி. இருபதாம் தேதி ஆட்சிக்குழுத் தலைவர் அம்மா வந்து அடிக்கல் நாட்டுறாங்க. பத்தொன்பதாம் தேதி மண் அள்ளுற வண்டி வந்துடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். நாடாவும் தட்டினார். கன்று இல்லாத அடைப்புக்கு அளவர் எதற்கு? அவரை எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றிவிட்டதாகக் கடைசியில் ஒரு வரி சொன்னார்கள். "கவலைப்படாதீங்க நாடா, அங்க ஃபேன் இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர் தோளில் தட்டினார். நாடா கவலைப்படத்தான் முயன்றார். ஃபேன் என்றதும் பாதியில் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட மனிதர்.

அதே மாலை இயக்குநர் வறட்சி பற்றிய மாநாட்டுக்காக ஒன்பது நாள் வெளியூர் போனார். போகும்போது தன் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அறைக்குள் ஒரு தொட்டி இருந்தது. தொட்டியில் ஒரு கன்று. ஏழு வருடம் முன்பு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தபோது தலைவர் அம்மா தன் கையால் ஊன்றிய விதை. அலுவலகத்தில் அதற்குச் சின்னவர் என்று பெயர். மூன்று வேளையும் தண்ணீர், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலை துடைப்பு. இடுப்புயரத்துக்குத் தளதளவென்று நிற்கும். தலைவர் அம்மா எழுதும் ஒவ்வொரு கடிதமும் சின்னவர் சௌக்கியமா என்றுதான் ஆரம்பிக்கும்.

ஒன்பது நாள் கழித்து இயக்குநர் கதவைத் திறந்தபோது சின்னவர் முழுக்கக் காய்ந்து, இலைகள் கம்பளத்தின்மேல் கொட்டிக்கிடந்தன.

நாடாவுக்கு உடனே அழைப்பு வந்தது.

"நாடா, விஷயம் வெளிய போகக் கூடாது. இதே வயசுல அடைப்புலேருந்து ஒண்ணைத் தோண்டி எடுத்துட்டு வந்து இதுல நட்டுடுங்க."

"சார், அங்க எல்லாமே செத்துடுச்சு. நீங்ககூடக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது தெரியும்யா. அதுலயே கொஞ்சம் குறைவா செத்ததா ஒண்ணு பாருங்க."

"குறைவான்னா எப்படி சார்?"

"எல்லாத்தையும் நானே சொல்லணும்னா அளவர்னு ஒருத்தர் எதுக்கு?"

மதியச் சாப்பாடு முடிந்ததும் மையம் முழுக்க மேசையில் தலை வைத்துத் தூங்கும். அந்த நேரம் பார்த்து நாடா கடப்பாறையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு அடைப்புக்குப் போனார். விழித்திருந்த ஒரே ஜீவன் கேன்டீன் அக்கா, அவளும் கூடவே வந்தாள். வரிசையில் எண்பத்தெட்டாம் எண் கொஞ்சம் நேராக நின்றது. கணினியில் அதன் உயரம் அறுபத்தேழு சென்டிமீட்டர். தரையில் அக்காவின் சுண்டுவிரல் அளவு.

"இதுக்கா கடப்பாறை? கையால பிடுங்கினா வந்துடும் போல இருக்கே" என்றாள் அக்கா.

நாடா பிடித்து இழுத்தார். வரவில்லை. சுற்றிலும் ஒரு சாண் தோண்டினார். குச்சிக்குக் கீழே அவர் மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் இறங்கியது. முழங்கை ஆழம் தோண்டினார், வேர் போய்க்கொண்டே இருந்தது. குழிக்குள் இறங்கி நின்று தோண்டினார். முழங்கால் ஆழம், தொடை ஆழம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. இடுப்பளவு குழியில் நின்றபோதும் வேர் கட்டைவிரல் பருமனில் இன்னும் கீழே போயிற்று.

"என்னங்க இது? மேல விரல் அளவு, கீழ ஆள் அளவு?" என்றாள் அக்கா.

நாடா பாக்கெட்டிலிருந்து கத்தியை எடுத்து வேரை லேசாகக் கீறினார். உள்ளே வெளிறிய பச்சை. தொட்டுப் பார்த்தால் ஈரம். மூன்று வருடமாகச் சொட்டு மழையில்லாத நிலத்தில் விரல் நுனியில் ஒட்டுகிற ஈரம்.

அவர் அப்படியே குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். இது ஒன்றும் அவருக்குப் புதிய பாடம் இல்லை. இலை இருந்தால் அது வழியாக நீர் ஆவியாகப் போகும், அதனால் இலையை உதிர்த்துவிடும். அப்படியும் கட்டுப்படி ஆகாவிட்டால் தண்டையும் விட்டுவிடும். இருக்கிற உயிரையெல்லாம் வேரில் வைத்துக்கொண்டு ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்தவர்தான். படித்ததை ஒரு மதியம் ஆறு சொல்லாகச் சுருக்கிச் சட்டம் போட்டு மாட்டவைத்தவரும் அவர்தான். பதினோரு வருடம், பதினான்கு கிளை. அந்த ஆறு சொல்லை நம்பி எத்தனை அடைப்புகளை வண்டி விட்டு வழித்திருப்பார்கள்? கணக்குப் பார்க்க ஆரம்பித்து, முடியாமல் நிறுத்திவிட்டார். வெட்கமாக இருந்தது.

"உயிரோட இருக்குக்கா. எல்லாமே உயிரோட இருக்கும். நான்தான் செத்துடுச்சுன்னு எழுதிட்டேன்."

"அப்ப அடிச்சிட்டு வேற எழுதுங்க."

"விதி இருக்கேக்கா."

"யாரு போட்ட விதி?"

நாடா குழியை மூடினார். மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகத்தான் போட்டார். எண்பத்தெட்டாம் எண்ணிடம் ஏதோ முணுமுணுத்தார். அக்கா நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முந்திய மதியத்தையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "எங்க அண்ணன் வந்த அன்னிக்கா? சீக்கிரம் வந்தீங்களே, அதுக்கா?" என்றாள்.

"ஆமா."

"வந்து என்ன பண்ணீங்க, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு இல்லை.

"தூங்கினீங்க. அவங்க வந்து, சாப்பிட்டு, கிளம்பிப் போற வரைக்கும் தூங்கினீங்க." அப்புறம் அவளே, "நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லுங்க. வண்டி பத்தொன்பதாம் தேதிதானே வருது" என்றாள்.

மறுநாள் பதினேழாம் தேதி. நாடா இயக்குநரின் முன்னால் போய் நின்றார். "சார், எதையும் தோண்டி எடுக்க முடியலை. அடைப்புல இருக்கறது எல்லாம் கீழ உயிரோட இருக்கு. ஏழாவது விதி தப்பு. மாத்தணும்."

இயக்குநர் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். பிறகு நாடாவைப் பார்த்தார். "நாடா, அது நிபுணர் குழு போட்ட விதி. எத்தனை மாசம் உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்க! நீங்களும் நானும் வாய் வைக்கற விஷயமா அது?"

"அந்த நிபுணர் நான்தான் சார்."

இயக்குநர் சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்துவிட்டு மணியை அடித்துக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். கண்காணிப்பாளர் மையத்தில் எல்லாப் பதிவேட்டையும் படிக்கிற ஒரே மனிதர், அதனாலேயே யாருக்கும் பிடிக்காதவர். பழைய கூட்டக் குறிப்பேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மூன்று கையெழுத்துகள் இருந்தன. ஒன்று பழைய இயக்குநர், அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. இரண்டாவது நாடா. மூன்றாவது கோணல் மாணலாக, ஒரு பக்கம் சரிந்து, கடைசியில் ஒரு வாலோடு இருந்தது.

"இவரு வெளிநாட்டு நிபுணர்" என்றார் இயக்குநர் மரியாதையாக. "நம்ம ஆண்டறிக்கையில வருஷா வருஷம் நன்றி சொல்றோமே, அவருதான்."

அந்தச் சமயம் பார்த்து அக்கா டீ கொண்டுவந்தாள். எட்டிப் பார்த்தாள். "அட, என் கையெழுத்து! கையில தட்டு இருந்துச்சு சார், அதான் கோணிப்போச்சு."

இயக்குநர் டீயை எடுத்துக் குடித்தார். "சரி, போகட்டும். விதி விதிதான். யாரு போட்டா என்ன? வண்டி வரட்டும்" என்றார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கண்காணிப்பாளர்தான் தொண்டையைக் கனைத்தார். "சார், ஒரு சின்ன விஷயம். இந்தத் தொட்டியில இருக்கறதோட எண் இருநூத்திப் பதிமூணு."

"அதனால என்ன?"

"பதிவேட்டுல நானூத்திப் பன்னிரண்டு கன்று. ஆனா அடைப்புல இருக்கறது நானூத்திப் பதினொண்ணுதான். மிச்சம் ஒண்ணு இது. நாடா மேற்படி போட்டுட்டே போனதுல இதுவும் செத்துடுச்சு. இது பச்சையா நிக்கும்போதே நீங்க கையெழுத்துப் போட்டு நூறு சதவீதம்னு ஆட்சிக்குழுவுக்கு அனுப்பிட்டீங்க. தலைவர் அம்மா படிச்சாங்கன்னா..."

இயக்குநரின் முகத்தில் இருந்த பச்சையும் போய்விட்டது. "உடனே அதை மட்டும் உயிரோட இருக்குன்னு மாத்துங்கய்யா!"

நாடா பதிவேட்டை விரித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சோம்பேறித்தனம் தனக்கு உதவப் போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. "முடியாது சார். இருநூத்திப் பதிமூணுக்கு நேரா இறந்ததுன்னே எழுதலை. மேற்படின்னு இருக்கு. அதுக்கு மேலயும் மேற்படி. அப்படியே மேல போனா முதல் எண்ணுலதான் எழுத்து இருக்கு. அதை மாத்தினாத்தான் இது மாறும். அதை மாத்தினா எல்லாமே மாறும்."

"நடுவுல ஒண்ணை மட்டும்..."

"அடிச்சுத் திருத்தின பதிவேடு செல்லாது சார்" என்றார் கண்காணிப்பாளர். "முதல் வரிக்கு மட்டும்தான் திருத்தம் போடலாம். அதுக்கும் விதி இடம் குடுக்கணும்."

அரைமணி நேரத்தில் நிபுணர் குழு கூடியது. செத்துப்போனவருக்குப் பதிலாக இப்போதைய இயக்குநர், நாடா, அக்கா. இந்த முறை அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "இலை இல்லாத கன்று உயிருள்ள கன்றாகக் கருதப்படும்." அதே ஆறு சொல். கண்ணாடிச் சட்டத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று இயக்குநருக்கு அதில் ஒரு திருப்தி. நாடாவுக்கு அதுவும் தப்பான விதி என்று தெரியும். பழையது உயிரோடிருப்பதைக் கொன்றது, புதியது செத்ததைச் சாகவிடாது. ஆனால் வண்டி வர இரண்டு நாள்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

உயிருள்ள அடைப்புக்கு அளவர் வேண்டும் என்பதால் நாடாவின் கிடங்கு மாற்றல் ரத்தானது. அங்கே மண்டபமும் கட்ட முடியாது. ஆகவே பத்தொன்பதாம் தேதி வந்த மண் அள்ளும் வண்டி, முன்பக்கத்துப் புல்வெளியை அள்ளியது.

இருபதாம் தேதி தலைவர் அம்மா வந்தார். அடிக்கல்லைப் பார்க்கவில்லை, மாலையை வாங்கவில்லை. "சின்னவர் எங்கே?" என்றார். மேடையின் நடுவில் பட்டுத்துணி சுற்றிய தொட்டியில் சின்னவர் நின்றது. ஒரு குச்சி, அதில் கிளை என்று இரண்டு குச்சி. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது உயிரோட இருக்கா?"

இயக்குநர் நாடாவைப் பார்த்தார். கண்காணிப்பாளர் நாடாவைப் பார்த்தார். நாடா தொட்டியைப் பார்த்தார். முந்தின நாள்தான் அவர் அதைக் கீறிப் பார்த்திருந்தார். நுனியிலிருந்து அடி வரைக்கும் பழுப்பு. வேரையும் தோண்டிப் பார்த்தார். மேலே தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் அது கீழே போகக் கற்றுக்கொள்ளவே இல்லை, மேல்மண்ணிலேயே சும்மாடு மாதிரி சுருண்டு கிடந்தது. ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. இது செத்தது என்று உண்மையைச் சொன்னால் முதல் வரி செத்தது என்று ஆகும். அப்புறம் நானூற்றுப் பதினொன்றும் மேற்படி.

"ஏழாவது விதிப்படி உயிரோட இருக்கும்மா" என்றார்.

"விதி யாரு போட்டது?"

"நிபுணர் குழும்மா."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே அந்த வருடத்தின் சிறந்த தாங்குதிறன் விருதைச் சின்னவருக்கு அறிவித்தார். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "தண்ணி கேக்கலை. இலை கேக்கலை. ஒரு புகார் மனு குடுக்கலை. இடத்தை விட்டு நகரலை. இந்த மையத்தின் ஊழியர் ஒவ்வொருத்தரும் இப்படித்தான் இருக்கணும்னு நான் ஆசைப்படறேன்!" கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாடாவும் தட்டினார். பழக்கம்.

ஐந்தாவது வாரம் மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. பத்தாம் நாள் அடைப்புக்குள் நுழைந்த நாடா நடக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். குச்சிகளின் காலடியிலிருந்து சிவப்பும் பச்சையுமாகத் துளிர். எண்பத்தெட்டாம் எண்ணில் ஏழு இலை. எண்ணிக்கொண்டே போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகை வரும் என்று சொல்லக் கேட்டிருக்கிறார், தனக்கு வந்து பார்த்ததில்லை. முந்நூற்று எண்பத்தொன்பது கன்றுகள் துளிர்த்திருந்தன. மீதி இருபத்திரண்டில் ஒன்றும் காணோம். கணினியில் எழுத முடியாதே என்று தன் சொந்த நோட்டில் அந்த இருபத்திரண்டின் எண்களையும் வரிசையாக எழுதினார். முதல் எண்ணுக்கு நேராக "இறந்தது" என்று எழுதிவிட்டு, மற்றதுக்கெல்லாம் மேற்படி போட்டார்.

சின்னவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி? மாதம் ஒருமுறை நாடா அதை அளக்கிறார். கணினி வளர்ச்சி இல்லாமல் ஒப்புக்கொள்ளாது. ஆகவே மாதம் ஒரு சென்டிமீட்டர் போடுகிறார். இதே வேகத்தில் போனால் அவர் ஓய்வு பெறும்போது அது கூரையைத் தொட்டிருக்கும்.

புதிய விதியைக் கிளைகள் நன்றாகவே பிடித்துக்கொண்டன. எங்கேயும் எதுவும் சாகவில்லை. ஒரு கிளையில் அடைப்பின் வேலிக்கால்களையும் இலை இல்லாததால் உயிருள்ளவை என்று சேர்த்துக் கன்றுகளின் எண்ணிக்கை கூடிவிட்டதாக எழுதியிருந்தார்கள். நூற்றிருபது சதவீதம் உயிரோடு இருக்கிறது என்று அறிக்கை வந்ததும் இயக்குநருக்கே பயம் வந்தது. நாடாவைக் கூப்பிட்டார்.

"நிபுணரே, நடுவுல ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க. ஆறு சொல்லுக்கு மேல போகக் கூடாது. சட்டம் அதே சட்டம்தான்."

நாடா தன் மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வீட்டில் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். கடிகாரம் பன்னிரண்டே கால் காட்டியது. எழுதினார். "ஒவ்வொரு கன்றையும் நேரில் சென்று கீறிப் பார்க்கவும்." எண்ணிப் பார்த்தார், ஆறே சொல். உள்ளே அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் தாள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் இயக்குநரின் குறிப்பு இருந்தது: "இது விதி அல்ல, வேலை. மாற்றி எழுதவும்."

நாடா அதை இரண்டு முறை படித்தார். அப்புறம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கத்தியையும் சொந்த நோட்டையும் எடுத்தார். "இந்த வெயில்ல எங்க?" என்று கேன்டீன் ஜன்னலிலிருந்து அக்கா கத்தினாள். "வேலை இருக்குக்கா" என்றார். மையத்தில் அந்த வாக்கியத்தை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இருபத்திரண்டில் முதலாவது முப்பதாம் எண். குச்சியைக் கீறினார், பழுப்பு. குந்தி உட்கார்ந்து மண்ணை ஒரு சாண் விலக்கி, வேரின் கழுத்தைக் கீறினார். நூல் மாதிரி, மெல்லிசாக, பச்சை.

நோட்டைத் திறந்து "இறந்தது" என்பதை அடித்து "உயிர்" என்று எழுதினார். கீழே இருந்த மேற்படிகளையெல்லாம் அடித்தார், ஆனாலும் அடுத்த வரிக்கு மறுபடியும் மேற்படி என்று எழுதப் பேனா தானாகப் போயிற்று. நாடா பேனாவை மூடிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுத்த கன்றுக்கு நடந்தார்.